பெயர் சொல்லாத சனிக்கிழமைகள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் புனேவில் இருக்கும் எங்கள் மருத்துவக் கல்லூரியில் இறந்தவர்களைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் அறுவை சிகிச்சை வார்டில் ஆபரேஷன் ஆகி இறந்தவர்கள், ஒருவர்கூட விடாமல். பெயர் சொல்லக் கூடாது. 'போபோடியிலிருந்து வந்த நடுத்தர வயது ஆண்' என்று ஆரம்பிக்க வேண்டும். விதி, கடவுள் சித்தம் என்றெல்லாம் பூசி மெழுகக் கூடாது. யாரையும் கைநீட்டிக் குற்றம் சொல்லவும் கூடாது. கூட்டத்தில் இளையவர்கள் முதலில் பேசுவார்கள், பேராசிரியர்கள் கடைசியில்தான் வாயைத் திறக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்கப்படும்: அடுத்து வருகிற ஆளுக்கு நாம் எதை மாற்றிச் செய்வோம்?

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் என் சிநேகிதி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத எழுதக் கோபம் வருகிறது, அதற்குப் பின்னால் அழுகை வருகிறது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒழுங்காகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

நான் கத்தி பிடிக்காத டாக்டர். சமூக மருத்துவத் துறை. மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி செய்யச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேள்வியை எப்படிக் கேட்பது, கணக்கை எப்படிப் போடுவது, வந்த முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும் மறைக்காமல் எப்படி எழுதுவது. கடைசிப் பாடத்தை மட்டும் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். சர்ஜன்களிடம் போய்ச் சொன்னால், ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து பாருங்கள் மேடம் என்று நக்கலாகச் சிரிப்பார்கள். எனக்கும் வாய் நீளம். சும்மா விடமாட்டேன். இதனாலேயே பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது.

அவள் கோயம்புத்தூர்க்காரி. கணவருக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு புனேவுக்கு வந்து, எங்கள் கல்லூரியில் சர்ஜரிப் பேராசிரியராகச் சேர்ந்திருந்தாள். வந்த வாரமே என் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, எல்லார்கூடவும் சண்டை போடற டாக்டரம்மா நீங்கதானுங்களா?"

"ஆமா, இன்னா இப்ப?" என்றேன்.

"எனக்கும் ஒரு சண்டை போடோணும். தொணைக்கு ஆள் தேடிட்டிருக்கறேன்."

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது போபோடி சந்து ஒன்றில். வீட்டுத் தமிழில் பேச்சை ஆரம்பித்தால் பாஜி, பாவ், சல், அரே என்று என்னென்னவோ வந்து கலந்துகொள்ளும். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்க தமிழு பாதி வேலூரு, பாதி மராட்டி. மிச்சந்தான் தமிழுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, உடனே சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து நான் அவளுக்கு அம்மிணி, அவள் எனக்கு அக்கா. வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள்.

அவள் போட வந்த சண்டை இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்காகத்தான். பெயருக்கு அப்படி ஒரு கூட்டம் முன்பும் இருந்தது. சமோசா தின்போம், டீ குடிப்போம், நோயாளி ரொம்பத் தாமதமாக வந்துவிட்டார் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைவோம். அக்கா நடத்திய முதல் கூட்டத்தில் மேற்படிப்புப் பயிற்சி டாக்டர்களான ரெசிடென்டுகளில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவளே எழுந்து முன்னால் போனாள். தன் கையால் ஆபரேஷன் செய்து இறந்துபோன ஒருவரின் கதையைச் சொன்னாள். எந்த இடத்தில் தப்பு நடந்தது, அப்போது தான் என்ன நினைத்தாள், ஏன் அப்படி நினைத்தாள், எல்லாவற்றையும். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசத் துணிந்தார்கள்.

தீசிஸ்கள் மாறியதும் அதனால்தான். அதுவரை பையன்கள் சீனியர்களின் தலைப்பை எடுத்து ஊரையும் வருடத்தையும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது சனிக்கிழமை கேட்ட கேள்வியோடு திங்கட்கிழமை என் அறை வாசலில் வந்து நின்றார்கள். இளம் ஆசிரியர்களும் வந்தார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வார்டில் ஒரு விதியும் அந்தக் கூட்டங்களிலிருந்து வந்தது. குடலை வெட்டித் தைத்த நோயாளிக்கு நாடித் துடிப்பு ஏறி, இறங்காமல் நின்றால், உடனே ஸ்கேன். காரணம் தேடக் கூடாது. வலி, பயம், தூக்கமில்லை, சொந்தக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள் என்று எதையும் சொல்லக் கூடாது. ஏனென்றால் தையல் கசிந்து இறந்தவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப ஒன்றே வந்தது. நாடி முதலிலேயே ஓட ஆரம்பித்திருக்கும், நாங்கள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருப்போம். "நாடி பொய் சொல்லாது கண்ணு, அதுக்குப் பதிலா நாமதான் சொல்றோம்" என்று அக்கா ரெசிடென்டுகளிடம் சொல்வாள்.

அந்த ரெசிடென்டுகளில் ஒருத்தி தமிழ்ப் பெண். சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டி ஃப்ளாட்டில் வளர்ந்தவள். தமிழ் புரியும், பேசினால் திக்கும், படிக்கவே வராது. அக்கா அவளை விடமாட்டாள். தியேட்டரில் கைகழுவும்போதுகூட, "தமிழ்ல கேளு, பதில் சொல்றேன்" என்பாள். அந்தப் பெண் "மேம், ப்ளீஸ் மேம்" என்று கெஞ்சி, கடைசியில் பாதி இந்தியில் கேட்டுவிடுவாள். அவளுடைய தீசிஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் வழிகாட்டிகள். பாவம், எங்கள் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நன்றாகவே வேலை கற்றுக்கொண்டாள்.

அக்காவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தபோது எல்லோரும் மும்பைக்குப் போகச் சொன்னார்கள். நானும் சொன்னேன், கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். "எம்பட நோயாளிகளுக்கு இந்த எடம் போதும்னா எனக்கும் போதும், வுடு அம்மிணி" என்றாள். சர்ஜரித் துறைத் தலைவரே ஆபரேஷன் செய்தார், அந்தப் பெண் கூட நின்றாள். எல்லாம் சுத்தமாக முடிந்தது. கட்டி பரவியிருக்கவில்லை. அன்று மாலை நான் ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகும்போது டிரைவரிடம் தேவையில்லாமல் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

பிறகு நடந்ததை எங்களால்தான் செய்ய முடியும், டாக்டர்களால் மட்டும்தான். அவளைத் தனி அறையில் வைத்தோம். நர்ஸுகள் பூனைபோல் நடந்தார்கள். காலை ரவுண்டில் வந்த டாக்டர்கள் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் முன் "மேடம், பார்க்கட்டுமா?" என்று கேட்டார்கள், அவள் தூங்கினால் பார்க்காமலேயே போனார்கள். மரியாதை. எங்களுக்கெல்லாம் அவள்மேல் அவ்வளவு மரியாதை.

ஒரு நாள் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொசம்பிப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன், எனக்குத்தான். அவளுக்கு இன்னும் வாயில் ஒன்றும் தரக் கூடாது. அந்தப் பெண் உள்ளே வந்தாள், மானிட்டரைப் பார்த்தாள், கையைப் பிடித்து நாடி பார்த்தாள். முகம் மாறியது. பொது வார்டில் யாராவது வண்டி உதிரிபாகம் செய்கிற தொழிலாளி படுத்திருந்தால், இவள் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கேனுக்கு எழுதியிருப்பாள். இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மேம், பல்ஸ் கொஞ்சம் ஃபாஸ்ட்டா இருக்கு. ஸ்கேன்... எடுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மானிட்டரைப் பார்த்தாள். தன் வயிற்றைத் தானே அமுக்கிப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் நோயாளியாக இல்லை, ரவுண்டு வந்த பேராசிரியராகிவிட்டாள். "வயிறு மெத்துனுதான் இருக்குது. நேத்து பூராவும் தூக்கமில்ல, அதுதான். நாளைக்குப் பாக்கலாம், போ கண்ணு" என்றாள். அந்தப் பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள். அங்கேயே நின்று துறைத் தலைவருக்குப் போன் செய்தாள். "மேடம் என்ன சொல்றாங்க?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்கள் என்றாள். அப்படியானால் சரி என்று அவர் வைத்துவிட்டார். அறையில் இருந்த எல்லோருக்கும், எனக்கும், அது சரியென்றே பட்டது. குடல் விஷயத்தில் அக்காவுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது?

மறுநாள் காய்ச்சல் தூக்கியடித்தது. வயிறு கல்லாகிவிட்டது. தையல் விட்டுக் கசிந்திருந்தது. மறுபடியும் தியேட்டருக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒரு காரணஞ் சொல்லிப்போட்டேன் பாத்தியா, அம்மிணி?"

"வாயை மூடிக்கினு போங்க அக்கா, வந்து பேசிக்கலாம்" என்றேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் கிடந்தாள், கண் திறக்கவில்லை, போய்விட்டாள். ஐயோ, எவ்வளவு அநியாயம்! அவளே போட்ட விதி, அவளே வளர்த்த பிள்ளைகள், அவளே நடத்திய வார்டு.

தகனம் முடிந்த வாரத்தில் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. ஹாஸ்டலில் அவள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். மேடத்தைக் கவனிக்காமல் விட்டவள் என்று. அவள் தியேட்டர் பக்கமே போகாமல் இருந்தாள்.

"மேம், நான் சர்ஜரி விட்டுடறேன். பப்பா சிஞ்ச்வட்ல ஒரு கிளினிக்ல பேசியிருக்கார். ஜுரம், இருமல் மட்டும் பாக்கற வேலை."

"எதுக்கும்மா?"

"நான் அவங்களையே கேட்டுட்டேன் மேம். கேட்டதே கலத். தப்பு."

"முதல் சனிக்கிழமை நீ இந்தக் கேஸைச் சொல்லு. யார் கேட்டாங்க, யார் இன்னா பதில் சொன்னாங்க, நடந்தது நடந்தபடி சொல்லு. அப்புறம் எங்க வேணா போ" என்றேன். தலையாட்டினாள்.

துறைத் தலைவர் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை கூட்டம் வேண்டாம், அஞ்சலி வைத்துக்கொள்வோம், படத்துக்கு மாலை போடுவோம் என்றார். நல்ல மனுஷர், மெல்லிய குரலில் பேசுகிற மராட்டிக்காரர். "அவங்க நம்ம ஆளு மேடம். நம்ம ஆளைப் போய் ஸ்லைடில் போட்டுக் காட்டுவதா?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு சொல்லித்தானே சார் சாகவிட்டோம்?" என்று கத்திவிட்டேன். "அந்தப் பெண்ணும் நம்ம ஆளுதான். அவளையும் அனுப்பிவிடலாமா?" வெளியே கிளார்க்குகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு, சரி என்றார்.

அக்காவின் கணவர் தானும் வந்து உட்காரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரிசையில், தொழிற்சாலைச் சீருடைச் சட்டையோடு, ரஞ்சன்காவுக்குப் போகிற வழியில் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்வரிசை ஓரத்தில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. இடம் போதாமல் பையன்கள் சுவரோரம் நின்றார்கள், ஆனாலும் யாரும் அதில் உட்காரவில்லை. அன்று யாரும் சமோசா வாங்கியிருக்கவில்லை.

அந்தப் பெண் விதிப்படியே ஆரம்பித்தாள். நடுத்தர வயதுப் பெண், பெருங்குடலில் கட்டி, இன்ன ஆபரேஷன். குரல் நடுங்கவில்லை. நாடி ஏறிய கோட்டைத் திரையில் காட்டினாள். அதற்குப் பிறகு, "ரெசிடென்ட் நாடியைப் பார்த்தார். ஸ்கேனை மறுநாளைக்குத் தள்ளிவைக்க ரெசிடென்ட் முடிவு செய்தார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துறைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அடிப்பாவி, எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போகப் பார்க்கிறாளே! இறந்துபோன மேடத்தின் மேல் ஒரு பொட்டுக் கறை விழக் கூடாது என்று. நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால், பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிற என் சிநேகிதியை, அவள் புருஷன் முன்னால், நிறைந்த ஹாலில் தப்புச் செய்தவள் என்று சொல்லவேண்டும். திறக்காவிட்டால் இந்தப் பெண் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு சிஞ்ச்வட் கிளினிக்கில் காலமெல்லாம் இருமல் மருந்து எழுதுவாள். சுவரோரம் நிற்கிற பையன்கள், ஒரு ரெசிடென்ட் அசட்டையாக இருந்தாள் என்ற பாடத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

எழுந்தேன். "முடிவு செய்தது ரெசிடென்ட் இல்லை" என்றேன். "முடிவு செய்தது நோயாளி. நாம் எல்லோரும் நோயாளியிடம் போய், உனக்கு என்ன செய்யலாம் என்று நீயே சொல் என்றோம். உடம்பு சரியில்லாதவள், பயந்துபோனவள், தூக்கமில்லாதவள். அவளை டாக்டராக வேலை செய்யச் சொன்னோம்." யாரோ 'மேடம், போதும்' என்றார்கள். நான் நிறுத்தவில்லை. மொசம்பி, கண்ணாடி, போன், எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் சொன்னேன்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அக்காவின் கணவர் எழுந்திருந்தார். இந்தி தெரிந்தவர்தான், தொழிற்சாலையில் நாள் முழுவதும் பேசுகிறவர். அன்று அவருக்குத் தமிழ்தான் வந்தது.

"அவ ஒண்ணு சொன்னா, ஊட்ல நானே எதுத்துப் பேச மாட்டனுங்க. இந்தப் புள்ள எப்படிங்க பேசும்?"

ஹாலில் மற்றவர்களுக்குப் புரியவில்லை. என்ன சொன்னார் என்று துறைத் தலைவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான், அவர் பார்த்தது அவளைத்தான். அவள்தான் சொல்லவேண்டியிருந்தது. தன்னை விடுவிக்கிற வாக்கியத்தை, ஒவ்வொரு சொல்லாகத் தடுமாறி, தானே இந்தியில் மாற்றிச் சொன்னாள். பாதியில் உடைந்து அழுதுவிட்டாள்.

கடைசிக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. எப்போதும் அந்த ஓரத்து நாற்காலியிலிருந்துதான் வரும். கடைசியில் துறைத் தலைவர் எழுந்து, அடுத்து வருகிற ஆளுக்கு எதை மாற்றிச் செய்வோம் என்று கேட்டார். அதற்குக் கிடைத்த பதில் இப்போது எங்கள் வார்டில் விதி. நம் டாக்டர், நம் நர்ஸ், நம் வீட்டு ஆள் யார் படுத்தாலும், பழக்கமில்லாத வேறு யூனிட், அதாவது வேறு டாக்டர் குழு, பார்க்கும். அவர்களிடம் சம்மதம் கேட்போம், அது அவர்கள் உரிமை. அபிப்பிராயம் கேட்க மாட்டோம்.

அந்தப் பெண் கிளினிக்குக்குப் போகவில்லை. படிப்பை முடித்து எங்களிடமே விரிவுரையாளராகச் சேர்ந்தாள். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் என் அறைக் கதவை யாராவது தட்டினால், 'ஏனுங்க' என்று கேட்கும் என்று இன்னும் ஒரு கணம் தோன்றிவிடுகிறது. சண்டை போடவும் முன்போல் மனசு வருவதில்லை. ஜெயித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

போன மழைக்காலத்தில் எனக்கே குடலில் அடைப்பு வந்தது. ஆபரேஷன். தனி அறை வேண்டாம் என்று பொது வார்டிலேயே படுத்தேன். விதிப்படி, எனக்குப் பழக்கமில்லாத யூனிட் வெட்டித் தைத்தது. ஆனால் பிறகு ஒரு நாள் காலை அந்த யூனிட்டில் ஆள் குறைவு, ரவுண்டுக்கு அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். என் கட்டிலுக்கு வந்ததும் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். ஸ்கேன் படிவத்தை எடுத்துவரச் சொல்லி நர்ஸிடம் சைகை காட்டினாள்.

"பக்கத்து பெட்காரம்மா ராத்திரியெல்லாம் முனகிக்கினே இருந்தாங்கம்மா, எனக்குத் தூக்கமே இல்ல. அதான் இருக்கும். நாளைக்குப் பாக்கலாமே?" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது, யார் சொன்ன வார்த்தை என்று.

அவள் படிவத்தையும் பேனாவையும் என் கையில் வைத்தாள். "கையெழுத்து வேணும் மேம். நீங்க என்ன நினைக்கறீங்கன்னு நான் கேக்கல." திக்காமல் சொன்னாள். அக்கா கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.

கையெழுத்துப் போட்டேன். ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் போகும்போது கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. வண்டி தள்ளுகிற அம்மா, வலிக்கிறதா என்று மராட்டியில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தையல் நன்றாகவே இருந்தது. எனக்கு நிஜமாகவே தூக்கமில்லாமல்தான் நாடி ஓடியிருக்கிறது. அக்கா சொன்ன அதே காரணம், எனக்கு மட்டும் உண்மையாகிவிட்டது.